துருக்கிப் பள்ளிவாசல்கள் ஹாகியா சோஃபியாவின் நகல்தானா?

கேள்வி இதுதான்: "அடுத்த மாதம் நாலு நாள் இஸ்தான்புல் போகிறேன். படங்களில் பார்த்தால் எல்லாப் பள்ளிவாசலும் ஒரே மாதிரி இருக்கிறது. பழைய தேவாலயமான ஹாகியா சோஃபியாவைப் பார்த்து அடித்த நகல்தான் இவையெல்லாம் என்கிறார் நண்பர். உண்மையா? அப்புறம், உருவம் வரையக் கூடாது என்கிற மதத்தில் இவ்வளவு கலை எப்படி வளர்ந்தது? இந்த அலங்காரத்துக்கும் வழிபாட்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா?"

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகத்தான் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கட்டடத்தை விடுங்கள், முதலில் ஒரு ஜமாத் தொழுகையை மனதில் கொண்டு வாருங்கள். எல்லோரும் தோளோடு தோள் சேர்த்து, கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் திசையைப் பார்த்து வரிசை கட்டி நிற்கிறார்கள். அந்த வரிசைக்கு சஃப் என்று பெயர். முதல் சஃப்பில் நிற்பதன் நன்மை மக்களுக்குத் தெரிந்தால் சீட்டுக் குலுக்கியாவது இடம் பிடிப்பார்கள் என்று ஒரு நபிமொழியே இருக்கிறது. கட்டுகிறவர் இடத்திலிருந்து இதை யோசித்துப் பாருங்கள். முதல் வரிசையில் நிறையப் பேர் நிற்க வேண்டுமானால் கூடம் அகலமாக இருக்க வேண்டும். நீளம் மட்டும் இருந்து பிரயோஜனமில்லை. நடுவில் தூண் வந்தால் வரிசை உடைகிறது. இமாம் ஓதுவது கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். தேவாலயத்தின் தேவை வேறு. அங்கே பீடத்தை நோக்கிப் பவனி போகும், அதற்கு நீளம்தான் வேண்டும்.

ஹாகியா சோஃபியாவை 532 முதல் 537 வரை, ஐந்தே ஆண்டில், பேரரசர் ஜஸ்டினியன் கட்டி முடித்தார். சுமார் 31 மீட்டர் விட்டமுள்ள குவிமாடம் தரையிலிருந்து 55 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. (முதல் குவிமாடம் 558-ல் இடிந்து விழுந்தது. இப்போது இருப்பது, பின்னால் ஒட்டுப்போட்ட இடங்களை விட்டுவிட்டால், 562-ல் எழுப்பியது.) 1453-ல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் நகரைப் பிடித்ததும் அது பள்ளிவாசலானது. உள்ளே போனால் ஒன்றைக் கவனியுங்கள்: மிஹ்ராப், அதாவது கிப்லாவைக் காட்டும் சுவர்மாடம், கட்டடத்தின் நடுக்கோட்டில் இல்லை, வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. தேவாலயம் பார்த்த திசை ஒன்று, மக்கா இருக்கும் திசை இன்னொன்று. அதனால் தொழுகிற சஃப்கள் கட்டடத்துக்குக் கோணலாகத்தான் விழும். இரண்டு பக்கத் தாழ்வாரங்களும் பெரிய தூண்வரிசைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கின்றன. உலகமே வியக்கும் கட்டடம்தான், ஆனால் தொழுகைக்குச் சட்டை கொஞ்சம் பொருந்தவில்லை.

நகல் என்ற வாதத்துக்கு எதிராக நான் எப்போதும் எடுத்துக் காட்டுவது எதிர்னே நகரத்தின் உச் ஷெரஃபெலி பள்ளிவாசலை. 1438-ல் தொடங்கி 1447-ல் முடித்தார்கள். அதாவது, ஹாகியா சோஃபியா துருக்கியர் கைக்கு வருவதற்கு ஆறு வருடம் முன்பே. அதன் நடுக்குவிமாடம் சுமார் 24 மீட்டர். கூடம் அகலவாக்கில் கிடக்கிறது, முன்னால் தூண் தாழ்வாரம் சுற்றிய முற்றம். பின்னாளில் இஸ்தான்புல்லில் நாம் பார்க்கிற பெரிய பள்ளிவாசல்களின் கரு இங்கேயே விழுந்துவிட்டது. அதற்கும் முன்னால், 1400 வாக்கில் முடிந்த பூர்சா பெரிய பள்ளிவாசலில் இருபது சிறு குவிமாடங்களைத் தூண்களின் மேல் வரிசையாக வைத்தார்கள். நிக்கோபொலிஸ் போரில் ஜெயித்தால் இருபது பள்ளி கட்டுகிறேன் என்று சுல்தான் பாயெசித் நேர்ந்துகொண்டு, கடைசியில் ஒரே பள்ளியில் இருபது குவிமாடம் வைத்துக் கணக்கைத் தீர்த்தார் என்று கதை சொல்வார்கள். இன்னும் பின்னால் போனால் மரப் பள்ளிகள். பெய்ஷெஹிரில் 1290-களில் கட்டிய எஷ்ரெஃபோலு பள்ளியில் காடு மாதிரி மரத்தூண்கள் நிற்கின்றன. நடுவில் கூரையைத் திறந்து விட்டு, கீழே ஒரு குழி தோண்டியிருக்கிறார்கள். குளிர்காலப் பனி அதில் விழும். அந்த ஈரம்தான் மரம் வெடிக்காமல் காத்தது என்பது அங்கே வழிவழியாகச் சொல்வது.

ஆக, குவிமாடத்தைப் பெரிதாக்கித் தூணை ஓரத்துக்குத் தள்ளும் ஆசை முன்பே இருந்தது. ஹாகியா சோஃபியா அந்த ஆசைக்கு அளவுகோலாக வந்து நின்றது, அவ்வளவுதான். அப்படி எதிரே நின்றதை மறுக்கவும் முடியாது. அதைத் தாண்டியே ஆக வேண்டும் என்று ஒருவர் ஆயுள் முழுக்க மல்லுக்கட்டினார். அவர்தான் மிமார் சினான். கய்சேரி பக்கத்து அயர்னாஸ் கிராமத்தில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். சிறுவர்களைப் பிடித்து அரச சேவைக்குச் சேர்க்கும் தெவ்ஷிர்மே முறையில் வந்து, சுல்தானின் ஜனிசரிப் படையில் பாலங்கள் கட்டி, ஐம்பது வயதை ஒட்டித்தான் தலைமைக் கட்டடக்கலைஞர் ஆனார். 1588-ல் இறக்கும் வரை அந்தப் பதவியில் இருந்தார். 1548-ல் முடிந்த ஷெஹ்சாதே பள்ளி தான் கற்றுக்குட்டியாக இருந்தபோது செய்தது, 1557-ல் முடிந்த சுலைமானியே வேலை பழகியபின் செய்தது, 1575-ல் எதிர்னேவில் முடிந்த செலிமியேதான் ஆசானாகச் செய்தது என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள்.

மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்தால் அவர் எதைத் துரத்தினார் என்று புரியும். சுலைமானியேவில் ஹாகியா சோஃபியாவின் திட்டத்தையே எடுத்தார்: நடுவில் ஒரு குவிமாடம், முன்னும் பின்னும் அரைக்குவிமாடங்கள். ஆனால் பக்கவாட்டுத் தூண்வரிசையைக் கிட்டத்தட்டக் கரைத்துவிட்டார். ஒரு பக்கத்தில் நின்றால் மறுபக்கச் சுவர் வரை பார்வை தடையில்லாமல் ஓடும். செலிமியேவில் இன்னும் ஒரு படி மேலே போய், எட்டுத் தூண்களைச் சுவரை ஒட்டி ஒதுக்கி, அவற்றின் மேல் 31 மீட்டர் குவிமாடத்தை உட்காரவைத்தார். கீழே ஒரே பரப்பு. முதல் சஃப்பில் நிற்பவரும் கடைசி சஃப்பில் நிற்பவரும் ஒரே குவிமாடத்தின் கீழ்தான் நிற்கிறார்கள். ஹாகியா சோஃபியாவை உயரத்திலும் சுற்றளவிலும் மிஞ்சிவிட்டேன் என்று அவர் பேரில் எழுதிய வரலாற்றில் பெருமை அடித்துக்கொள்கிறார். அது கொஞ்சம் அதிகப்படிதான். விட்டம் ஏறக்குறைய ஒன்றே, தரையிலிருந்து உயரமோ 43 மீட்டர் அளவில், ஹாகியா சோஃபியாவைவிடக் குறைவு. ஆனால் தொழுகிற இடமாக எது கச்சிதம் என்று கேட்டால், நான் கண்ணை மூடிக்கொண்டு செலிமியே என்பேன்.

இவ்வளவு பெரிய கூடத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் குரல் எப்படிக் கேட்டது? சுலைமானியேவின் குவிமாடத்துக்குள் மண்பானைகளைப் பதித்து, வாயை உட்புறம் திறந்து வைத்திருக்கிறார்கள். எதிரொலியை அடக்க அது ஒரு வழி. இமாமின் அசைவைப் பின்வரிசைக்குக் குரலால் எடுத்துச் சொல்ல மோதினார்களுக்குத் தனி மேடையும் உண்டு. செலிமியேவில் அந்த மேடை நட்டநடுவே, குவிமாடத்துக்கு நேர்கீழே இருக்கிறது. சினான் சுலைமானியேவுக்குள் உட்கார்ந்து ஹூக்கா பிடித்ததாகவும், சுல்தான் கோபத்தோடு வந்து கேட்டபோது, நீர் குமிழிடும் சத்தம் எங்கெல்லாம் கேட்கிறது என்று சோதிக்கிறேன் என்றதாகவும் வழிகாட்டிகள் உங்களுக்குச் சொல்வார்கள். நல்ல கதைதான், ஆனால் புகையிலை இஸ்தான்புல்லுக்கு வந்ததே 1600 வாக்கில். சினான் செத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து!

விளக்குக்கு வருவோம். நூற்றுக்கணக்கான எண்ணெய் விளக்குகள் எரிந்தால் புகை என்னாகும்? சுலைமானியேவில் காற்றோட்டத்தையே அதற்கேற்ப அமைத்தார்கள். புகைக்கரி பிரதான வாசலுக்கு மேலே உள்ள ஓர் அறைக்குப் போய்ப் படியும். அந்தக் கரியைச் சுரண்டி எடுத்து, வேலம்பிசின் கலந்து, எழுத்துக்கு மை செய்தார்கள். தொழுகைக்கு எரிந்த விளக்கின் கரி குர்ஆன் எழுதும் மையாகிறது. இதை யாரும் தத்துவமாகச் சொல்லிச் செய்யவில்லை. சுவர் கறுக்கக் கூடாது, மையும் கிடைக்க வேண்டும். காரியத்தில் கண்ணாக இருந்தார்கள். அதனால்தான் எனக்கு இது பிடிக்கும்.

இன்னொன்று, அங்கே பள்ளிவாசல் தனியாக நிற்பதில்லை. அதைச் சுற்றி ஒரு சின்ன ஊரே இருக்கும். அந்தத் தொகுதிக்கு கில்லியே என்று பெயர். சுலைமானியே தொகுதியில் மதரஸாக்கள், மருத்துவமனை, மருத்துவப் பள்ளி, ஏழைகளுக்கும் மாணவர்களுக்கும் சோறு போடும் சமையற்கூடம், வழிப்போக்கர் தங்கும் முசாஃபர்கானா, ஹம்மாம், கடைகள், கல்லறைத் தோட்டம் எல்லாம் இருந்தன. சுல்தான் சுலைமானும் மனைவி ஹுர்ரெமும் அங்கேதான் அடங்கியிருக்கிறார்கள். இத்தனையும் வக்ஃப், அதாவது அறத்துக்கென்று எழுதிவைத்த சொத்தின் வருமானத்தில் நடந்தது. கட்டியபோது எழுதிய கணக்கேடுகள் இன்றும் இருக்கின்றன. வேலை செய்த கைவினைஞர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் கிறிஸ்தவர்கள் என்று அவற்றிலிருந்து தெரிகிறது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் மார்க்கப் பிரச்சினைதான். சுல்தான் பெரிய பள்ளி கட்டினால் போரில் வென்ற பொருளில் கட்ட வேண்டும், குடிமக்கள் வரியில் கை வைக்கக் கூடாது என்பது உலமாக்களின், அதாவது மார்க்க அறிஞர்களின் எதிர்பார்ப்பு. செலிமியேவுக்கு சைப்ரஸ் வெற்றியின் பொருள் உதவியது. உங்கள் பட்டியலில் கட்டாயம் இருக்கப்போகிற நீலப் பள்ளிவாசலை, 1609-ல் தொடங்கி 1617 வாக்கில் முடித்த சுல்தான் அஹ்மெதுக்குச் சொல்லிக்கொள்ளும்படி எந்த வெற்றியும் கிடையாது. கஜானாவில் கை வைத்தார், உலமாக்கள் முகம் சுளித்தார்கள். அதிலும் ஆறு மினாரா வைத்தது வேறு பேச்சுக்கு இடமானது. ஒன்றுக்கு மேற்பட்ட மினாரா என்பதே அரச குடும்பத்துக்கு மட்டும் உரிய மரியாதை. சுல்தான் தங்கத்தில், அதாவது 'அல்தன்' மினாரா கேட்டார், கட்டடக்காரர் காதில் 'அல்த்த', ஆறு, என்று விழுந்தது என்பது ஊர்க்கதை. மினாராக்களால் ரமலானில் ஒரு நல்லதும் நடந்தது: இரண்டு மினாராக்களுக்கு நடுவே கயிறு கட்டி, விளக்குகளைத் தொங்கவிட்டு, வானத்தில் வாசகம் எழுதுவார்கள். மஹ்யா என்று பெயர். இன்றும் எழுதுகிறார்கள், மின்விளக்கில்.

சரி, ஓடுகள். நீலப் பள்ளியில் இருபதாயிரத்துக்கு மேல், இஸ்னிக் ஊரில் சுட்ட பீங்கான் ஓடுகள் இருக்கின்றன. ஆனால் ஓடு பார்க்க அங்கே போகாதீர்கள் என்பேன். நல்ல ஓடுகள் பெரும்பாலும் மேல் மாடத்தில் இருக்கின்றன, கீழே நிற்பவர் கண்ணுக்கு எட்டாது. அதோடு அரண்மனை ஓட்டுக்கு ஒரே விலையை நிர்ணயித்து வைத்திருந்தது, நாட்டில் விலைவாசியோ ஏறிக்கொண்டே போனது. இஸ்னிக் சூளைக்காரர்கள் நொடித்துப்போனார்கள், தரமும் இறங்கியது. கட்டுப்படியாகாத ஆர்டர் ஒரு கைத்தொழிலை என்ன செய்யும் என்பதற்கு இதைவிட அழகான உதாரணம் கிடையாது.

பார்க்க வேண்டிய இடம் எமினோனுவில் உள்ள ருஸ்தம் பாஷா பள்ளி. சினான் 1560-களின் தொடக்கத்தில் கட்டியது. சுலைமானின் மருமகனும் தலைமை அமைச்சருமான ருஸ்தம் பாஷாவின் பெயரில் இருப்பது. சந்தைக்கு நடுவே, கடைகளுக்கு மேலே தூக்கி வைத்த மாதிரி நிற்கும். கீழே உள்ள கடை வாடகையில் மேலே உள்ள பள்ளி ஓடியது. உள்ளே தூண், சுவர், மிஹ்ராப், எங்கும் ஓடு. இஸ்னிக் ஓட்டின் உடம்பு சாதாரணக் களிமண் கிடையாது. பெரும்பகுதி அரைத்த வெண்கல்பொடி, அதாவது குவார்ட்ஸ். அதனால்தான் அந்த வெள்ளைப் பின்னணி பால் மாதிரி இருக்கிறது. அதன் மேல் கோபால்ட் நீலம், பச்சை, கண்ணாடிப் பூச்சுக்கு அடியில். அந்தச் சிவப்புக்கு மட்டும் தனிக் கதை. இரும்பு கலந்த செம்மண் குழம்பைத் தடிப்பாக வைப்பார்கள், அதனால் பூச்சுக்கு அடியிலும் மேடாகப் புடைத்து நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்ந்து பார்த்தால் தக்காளித் தோல் மாதிரி தெரியும். இந்தச் சிவப்பை 1550-களில் பிடித்தார்கள், அடுத்த நூற்றாண்டில் கைநழுவ விட்டார்கள்.

அந்த ஓடுகளில் எதற்கு இவ்வளவு துலிப் பூ? துருக்கியில் துலிப்புக்கு 'லாலே' என்று பெயர். அரபு எழுத்தில் எழுதினால் அல்லாஹ் என்ற பெயரில் இருக்கும் அதே எழுத்துகள்தான் இடம் மாறி வரும். நம் ஊரில் 786 என்று கடைப் பலகையிலும் லாரியிலும் பார்க்கிறோமே, பிஸ்மில்லாஹ்வின் எழுத்துக் கூட்டுத்தொகை. அதே கணக்கில் அல்லாஹ் 66, லாலே 66. பிறை என்ற பொருள் தரும் 'ஹிலால்' என்ற சொல்லுக்கும் 66. ரோஜா நபிகளின் பூ. அதற்காக ஓட்டில் வரைந்த ஒவ்வொரு பூவும் ரகசிய மந்திரம் என்று கிளம்பிவிடாதீர்கள். பூ அழகாக இருந்தது, துருக்கியர் தோட்டப் பைத்தியங்கள், அரண்மனை ஓவியர் காரா மெமி ரோஜா, துலிப், கார்னேஷன் எல்லாவற்றையும் அடையாளம் தெரிகிற மாதிரி வரைந்து ஒரு பாணியையே உண்டாக்கினார். இது முதல் காரணம். எண்ணும் எழுத்தும் தெரிந்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைத்தது.

இப்போது எழுத்தணிக் கலை. என் கணக்கில் துருக்கியின் தலைசிறந்த மார்க்கக் கலை இதுதான். கட்டடம்கூட இரண்டாவதுதான். 'குர்ஆன் மக்காவில் இறங்கியது, கெய்ரோவில் ஓதப்பட்டது, இஸ்தான்புல்லில் எழுதப்பட்டது' என்று ஒரு வழக்கு உண்டு. ஷேக் ஹம்துல்லாவில் தொடங்கி, ஹாஃபிஸ் ஒஸ்மான் வழியாக, ஆசான், மாணவர், மாணவரின் மாணவர் என நூல் பிடித்த மாதிரி ஐந்நூறு வருடம் வருகிற பரம்பரை. மாணவர் முதலில் எழுதிப் பழகுவது அகர வரிசையைக்கூட இல்லை, ஒரு துஆவை, பிரார்த்தனையை: 'இறைவா, எளிதாக்கு, கடினமாக்காதே, நல்லபடியாக முடித்துத் தா.' இந்த ஒரு வரியிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்திருப்பார்கள். ஆசான் சிவப்பு மையில் திருத்தித் தருவார். பல வருடம் கழித்து, இஜாஸா என்கிற அனுமதி கிடைத்த பிறகுதான் எழுத்துக்குக் கீழே சொந்தப் பெயரைப் போடலாம்.

பட்டறைச் சாமான்களிலும் ஒரு பக்தி உண்டு. பேனா நாணல் குச்சி. அதைச் சீவுகிறபோது உதிரும் சீவல்களைச் சிலர் தூக்கி எறியாமல் சேர்த்து வைப்பார்கள். தாங்கள் இறந்தபின் உடலைக் குளிப்பாட்டும் வெந்நீரை அந்தச் சீவலை எரித்துச் சுட வைக்கச் சொல்வார்கள். காகிதத்துக்கு முட்டை வெள்ளைக்கருவும் படிகாரமும் கலந்து பூசி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். மை அதற்குள் ஊறாமல் மேலேயே நிற்கும். தப்பு வந்தால் நாக்கால் நக்கித் துடைத்துவிடலாம். படித்த ஆளைத் துருக்கியில் இன்றும் 'மை நக்கியவர்' என்கிறார்கள்.

உருவம் பற்றிய உங்கள் கேள்விக்கு நேர்ப்பதில் ஹில்யே என்ற எழுத்துப் பலகையில் இருக்கிறது. நபிகளின் படத்தைச் சுவரில் மாட்ட முடியாது. ஆனால் அவர் எப்படி இருந்தார் என்று மருமகன் அலி சொன்ன வர்ணனை உண்டு: ரொம்ப உயரமும் இல்லை, குட்டையும் இல்லை, முடி சுருட்டையும் இல்லை, நேராகவும் இல்லை, கண் கறுப்பு, முகத்தில் ஒரு வட்டம் என்று போகும். பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் ஹாஃபிஸ் ஒஸ்மான் இதை ஒரு பலகையில் அடுக்கி வைத்தார். மேலே பிஸ்மில்லாஹ். நடுவே பெரிய வட்டத்துக்குள் வர்ணனை, அந்த வட்டத்துக்கு 'தொப்புள்' என்று பெயர். அதைச் சுற்றிப் பொன்னால் பிறை. நான்கு மூலையில் நான்கு கலீஃபாக்களின் பெயர். கீழே, உம்மை அகிலங்களுக்கு அருட்கொடையாகவே அனுப்பினோம் என்ற குர்ஆன் வசனம். அதற்கும் கீழே மீதி வர்ணனை, அதற்கு 'பாவாடை' என்று பெயர். தொப்புள், பாவாடை என்ற சொற்களைப் பாருங்கள். எழுத்தாலேயே ஓர் ஆளை நிற்க வைத்திருக்கிறார்கள். வீட்டில் மாட்டினால் தீயும் திருட்டும் அண்டாது என்ற நம்பிக்கையோடு அது நிறைய வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

உருவமே வரையவில்லை என்பதும் சரியில்லை. கட்டுப்பாடு தொழுகிற கூடத்துக்குள்தான் கறாராக இருந்தது. வெளியே வந்தால் தளர்ந்துவிடும். 1228-29-ல் கட்டிய திவ்ரியி பெரிய பள்ளியின் மேற்கு வாசலிலேயே இரட்டைத் தலைக் கழுகு செதுக்கியிருக்கிறது. மூன்றாம் முராத் சுல்தான் நபிகளின் வரலாறு ஒன்றை ஆறு தொகுதிகளாகப் படியெடுக்கவைத்து, அரண்மனை ஓவியக்கூடத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட படங்கள் போடச் சொன்னார். 1595 வாக்கில் முடிந்தது. அதில் நபிகளின் முகத்துக்கு வெள்ளைத் திரை, தலையைச் சுற்றிப் பொன் சுவாலை. பெக்தாஷிகள் என்ற சூஃபி வழியினர் இன்னும் சுதந்திரமானவர்கள். அலியைப் போற்றும் எழுத்தையே வளைத்துச் சிங்கமாக்கிவிடுவார்கள்.

பள்ளிவாசலுக்கு அடுத்தது சூஃபிகளின் தர்கா, துருக்கியில் தெக்கே. கொன்யாவில் 1273 டிசம்பர் 17-ல் மறைந்த மவ்லானா ரூமியின் வழிவந்த மெவ்லெவிகளைத்தான் 'சுழலும் தர்வேஷ்கள்' என்று சுற்றுலாக்காரர்கள் கூப்பிடுகிறார்கள். உடுப்பைக் கவனித்தால் சுழற்சி புரியும். உயரமான கம்பளித் தொப்பி கல்லறைத் தலைமாட்டில் நடும் மீசான் கல், மேலே போர்த்திய கறுப்பு அங்கி கல்லறை, உள்ளே வெள்ளைப் பாவாடை இறந்தவருக்குச் சுற்றும் கஃபன் துணி. அங்கியைக் களைந்துவிட்டுச் சுழலத் தொடங்குவது செத்துப் பிழைப்பது. வலது கை வானம் பார்க்கும், இடது கை மண் பார்க்கும். புதிதாகச் சேர்பவர் 1,001 நாள் சமையற்கட்டில் பணிவிடை செய்ய வேண்டும். சுழலப் பழகுவதும் அங்கேயேதான், ஒரு பலகையில் ஆணி அடித்து, அதை இடது கால் விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொண்டு. அதனால்தான் அவர்கள் தெக்கேயில் சமையற்கட்டு இவ்வளவு பெரிய அறை. இன்று உணவகங்களில் சாப்பிடும்போது ஆடிக் காட்டுகிறார்களே, அதைப் பார்த்துவிட்டு மெவ்லெவிகளின் சமா வழிபாட்டைப் பார்த்தேன் என்று சொல்லாதீர்கள்.

கம்பளத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தொழுகை விரிப்பில் நெய்த வளைவு மிஹ்ராபேதான். விரித்த இடத்தில் ஒரு பள்ளி. பெண்கள் வீட்டுத் தறியில் நெய்ததைப் பள்ளிக்கு வக்ஃப் செய்வார்கள். அப்படிச் சேர்ந்தவற்றில் ஒட்டோமான்களுக்கு முன் ஆண்ட செல்ஜுக் காலத்துக் கம்பளங்கள் 1905-ல் கொன்யா அலாவுத்தீன் பள்ளியில் கண்டெடுக்கப்பட்டன. மிஹ்ராபும் கஅபாவும் நெய்த விரிப்புகள் அந்நியர் கைக்குப் போகின்றன என்று 1610-ல் அரசாணை போட்டுத் தடுத்தும் பார்த்தார்கள். எடுபடவில்லை. ருமேனியாவின் பிராஷோவ் நகர லூத்தரன் தேவாலயச் சுவர்களில் நூற்றுக்கும் மேற்பட்ட துருக்கிக் கம்பளங்கள் இன்றும் தொங்குகின்றன.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சங்கிலி அறுந்தது. 1925-ல் தெக்கேக்களை மூடினார்கள். கொன்யா தர்கா 1927-ல் அருங்காட்சியகமானது. 1928-ல் எழுத்தையே லத்தீனுக்கு மாற்றினார்கள், எழுத்தணிக் கலைஞர்கள் ஒரே நாளில் தொழிலற்றவர்கள். ஹாகியா சோஃபியா 1935-ல் அருங்காட்சியகமாகத் திறந்தபோது, உள்ளே தொங்கிய ஏழரை மீட்டர் விட்டமுள்ள எழுத்து வட்டங்களையும் இறக்கிவிட்டார்கள். வேறு பள்ளிக்குக் கொண்டுபோகப் பார்த்தால் வாசலுக்குள் நுழையவில்லை! உள்ளேயே செய்தவை. சுவரோரம் சாத்திக் கிடந்து, 1949-ல் திரும்பவும் மேலேறின. 2020 முதல் கட்டடம் மறுபடியும் பள்ளிவாசல்.

பழைய அச்சிலிருந்து வெளியே வரும் முயற்சியும் நடந்தது. அங்காராவின் கோஜாதெபே பள்ளிக்கு வேதாத் தாலோகாய் 1957 போட்டியில் ஜெயித்த புதுமையான வடிவம், அஸ்திவாரம் போட்ட பிறகு எதிர்ப்பில் கைவிடப்பட்டது. 1987-ல் திறந்தது சினான் காலத்துச் சாயலில் ஒரு கான்கிரீட் கட்டடம். நகல் என்று யாரையாவது திட்டியே ஆக வேண்டுமென்றால் உங்கள் நண்பர் இதைத் திட்டட்டும். தாலோகாய் சும்மா இருக்கவில்லை. கூடாரம் போன்ற கூரையும் நான்கு பென்சில் மினாராக்களுமாக இஸ்லாமாபாத்தில் நிற்கும் ஃபைசல் பள்ளி அவருடையது.

உங்கள் நாலு நாளுக்கு வருகிறேன். வெள்ளி மதியம் ஜும்ஆ தொழுகை, அந்த நேரத்தில் எங்கும் நுழைய முடியாது. மற்ற வக்துகளிலும் தொழுகை நேரத்தை விட்டுத் தள்ளிப் போங்கள். ஹாகியா சோஃபியாவில் சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் மாடத்துக்குத் தனிக் கட்டணம். அந்த எழுத்து வட்டங்களைக் கிட்டத்தில் பார்க்க அதுவே வசதி. அதே நாள் பக்கத்தில் இப்ராஹிம் பாஷா அரண்மனையில் இருக்கும் துருக்கிய இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் கொன்யா கம்பளங்களைப் பாருங்கள். பள்ளிகளிலிருந்து களவு போகாமல் காக்க 1914-ல் தொடங்கியது அது. அங்கிருந்து இறக்கத்தில் நடந்தால் சொகொல்லு மெஹ்மெத் பாஷா பள்ளி. சினான் கட்டியதுதான், கூட்டமே இருக்காது. கஅபாவில் உள்ள ஹஜருல் அஸ்வத் என்ற கறுப்புக் கல்லின் துண்டுகள் என்று நம்பப்படுபவற்றை உள்ளே பதித்திருக்கிறார்கள். எதிர்னேவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். செலிமியேவில் சில வருடம் சீரமைப்பு வேலை நடந்துவந்தது, இப்போது எப்படி என்று போகுமுன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசி நாள் காலையில் சுலைமானியே. அப்புறம் மலையிறங்கி ருஸ்தம் பாஷா. தெருவில் நின்று மினாராவைத் தேடிக்கொண்டிருந்தால் வாசல் தெரியாது. கடைகளுக்கு நடுவே குறுகலாக ஒரு படிக்கட்டு ஏறும், அதுதான் வழி. மேலே ஏறியதும் அவசரப்பட்டு உள்ளே போய்விடாதீர்கள். செருப்பைக் கழற்றும் தாழ்வாரத்துச் சுவரிலேயே ஓடுகள் ஆரம்பமாகிவிடும்.